டிப்ஸ்டிக் இல்லாத ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயில் பார்ப்பதும் மாற்றுவதும்

டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) இல்லாத ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில், குறிப்பிட்ட சூட்டில் அடிப் பிளக்கைத் திறந்து, மிச்ச ஆயில் வழிகிறதா என்று வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். 40 டிகிரியிலிருந்து 45 டிகிரி செல்சியஸ் வரை. டொயோட்டாவின் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கில் ஆயில் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கிடைக்கும் இடைவெளி இவ்வளவுதான். அதற்குக் கீழே பார்த்தாலும் தப்பு, மேலே பார்த்தாலும் தப்பு. சென்னையிலோ மதுரையிலோ மே மாதப் பகலில் வண்டி சும்மா நின்றாலே ஆயில் 35-ஐத் தொட்டுவிடும். இன்ஜினை ஓடவிட்டால் கொஞ்ச நேரத்தில் 45-ஐத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் இந்த வேலைக்கு நம் ஊரில் சரியான நேரம் விடிகாலைதான். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், வெயில் ஏறுவதற்கு முன்னால் செய்ய வேண்டும்.

வெப்பநிலையை ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறார்கள் என்றால், ஆயில் சூடானால் விரியும். மொத்தம் 6.5 லிட்டர் பிடிக்கும் கியர் பெட்டியில் சூடு 40 டிகிரி கூடினால் ஏறக்குறைய 200 மில்லி கூடிவிடும். நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வந்த வண்டியை நேராக லிஃப்டில் ஏற்றி, 85 டிகிரியில் பிளக்கைத் திறந்து, "வழிகிறது, அளவு போதும்" என்று மூடினால், அந்த 200 மில்லி குறைவாகத்தான் வண்டி வெளியே போகிறது. குளிர்ந்த நிலையில் பார்த்து மூடினால் இதே கணக்கு தலைகீழ், ஆயில் கூடுதலாகிவிடும். ஆயில் மாற்றிய பிறகு கியர்பாக்ஸ் கெட்டுப்போனது என்று வரும் புகார்களில் பலவற்றுக்கு ஆயில் காரணமில்லை, அளவுதான் காரணம்.

இந்த ஆயில் என்னதான் செய்கிறது

இன்ஜின் ஆயிலோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கவே கூடாது. டார்க் கன்வெர்ட்டருக்குள் இன்ஜினின் சக்தியைக் கியருக்குக் கொண்டுபோவதே இந்தத் திரவம்தான். ஒரு பக்கத்து இதழ்கள் ஆயிலை வீச, அந்த வேகத்தில் மறுபக்கத்து இதழ்கள் சுழல்கின்றன. பிறகு, பம்ப் தரும் அழுத்தத்தை வால்வு பாடி (ஆயிலை வேண்டிய வழிக்குத் திருப்பிவிடும் பாகம்) வழியாகச் சுமந்துபோய் உள்ளே இருக்கும் கிளட்ச் பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கிறது. பிளானட்டரி கியர்களுக்கு உயவு, மொத்தப் பெட்டிக்கும் குளிர்ச்சி, இரண்டும் இதன் பொறுப்பு. எல்லாவற்றையும் விட நுட்பமானது உராய்வு. கிளட்ச் பிளேட்டுகள் இந்த ஆயிலில் மூழ்கியபடியே ஒன்றையொன்று பற்ற வேண்டும். வெடுக்கென்று பற்றினால் கியர் மாறும்போது உதை விழும். வழுக்கினால் பிளேட் தேயும். இந்த நடுநிலையைக் காப்பாற்றுவது ஆயிலில் கலந்திருக்கும் உராய்வுச் சீர்மைப் பொருள்கள். (ஒரு காலத்தில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைத்தான் இதற்குக் கலந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதற்குத் தடை போட்டதும் மாற்று தேட வேண்டிவந்தது.)

சூட்டில் முதலில் வலுவிழப்பவை இந்தச் சேர்மானங்கள். அதன் அறிகுறியை ஓட்டும்போதே உணரலாம். மணிக்கு 50லிருந்து 80 கிலோமீட்டர் வேகத்தில், ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதித்துப் போகையில், சாலையில் வரிசையாகப் போட்ட சிறு மேடுகள் மீது ஏறிப்போவதுபோல ஒரு நடுக்கம் வரும். டார்க் கன்வெர்ட்டரின் லாக்-அப் கிளட்ச் (இன்ஜினையும் கியரையும் நேராகப் பூட்டுவது) பற்றியும் பற்றாமலும் தடுமாறுவதுதான் அது. இந்தக் கட்டத்தில் ஆயிலை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கியர் போட்டு ஒன்றிரண்டு வினாடி கழித்து வண்டி நகர்வது, ஏற்றத்தில் இன்ஜின் மட்டும் சீறி வண்டி போகாமல் இருப்பது போன்றவை வந்துவிட்டால் முதலில் அளவைப் பாருங்கள். அளவும் சரியாக இருந்தால் கோளாறு பிளேட்டிலோ வால்வு பாடியிலோ இருக்கிறது. வெறும் ஆயில் அதைக் குணப்படுத்தாது.

"ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்" என்ற பேச்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பல ஜெர்மன் கார்களுக்கு ஆட்டோமேட்டிக் பெட்டி செய்து கொடுக்கும் இசட்எஃப் நிறுவனமே, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு ஆண்டுக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. அந்தப் பெட்டியைப் பொருத்தும் கார் நிறுவனங்கள் சில அதே ஆயிலை மாற்றவே வேண்டாம் என்கின்றன. பெட்டியைச் செய்தவர் பேச்சைக் கேட்பதுதான் புத்தி. நம் ஊர் வெயில், ஊர்ந்து போகும் நெரிசல், கோடையில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் முழுச் சுமையோடு ஏறும் ஏற்றம், இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவதே நல்லது. இயல்பாக 80 முதல் 95 டிகிரியில் ஓடும் ஆயில், இப்படிப்பட்ட இடங்களில் 110-ஐயும் தாண்டும். பத்து டிகிரி கூடினால் ஆயில் கெடும் வேகம் இரட்டிக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

டிப்ஸ்டிக் உள்ள வண்டிகள்

இங்கே வேலை எளிது, ஆனால் முறை வண்டிக்கு வண்டி மாறும். இலங்கையில் இன்னமும் நிறைய ஓடும் 121 கொரோலா போன்ற பழைய டொயோட்டாக்களில், ஆயில் 70 முதல் 80 டிகிரிக்கு வரும்படி ஓட்டிவிட்டு, சமதரையில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை கொண்டுபோய்ப் பார்க்கில் விட்டு, இன்ஜின் ஓடும்போதே டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்க வேண்டும். ஆயில் சூடான நிலைக்கு உரிய இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். ஹோண்டாவில் இதற்கு நேர்மாறு. 2008-க்குப் பிறகு வந்த ஐந்து கியர் ஆட்டோமேட்டிக் சிட்டியில், ரேடியேட்டர் ஃபேன் இரண்டு தடவை சுற்றி நிற்கும்வரை இன்ஜினை ஓடவிட்டு, பிறகு நிறுத்திவிட வேண்டும். நிறுத்திய 60 முதல் 90 வினாடிக்குள் பார்க்க வேண்டும். ஹோண்டாவை ஓடவிட்டுப் பார்ப்பவர்களும், டொயோட்டாவை நிறுத்திவிட்டுப் பார்ப்பவர்களும் ஒர்க்‌ஷாப்களில் சகஜம். இரண்டிலுமே தப்பான அளவுதான் கிடைக்கும்.

டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூ காகிதத்தில் விட்டுப் பாருங்கள். சிவப்பாக அகலப் பரவினால் நல்லது. வயதான ஆயில் பழுப்பாக இருக்கும், அதற்காகப் பதற வேண்டாம், மாற்றினால் போதும். நடுவில் கறுப்பாகத் தேங்கி, பரவாமல், தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் பிளேட்டின் மேற்பூச்சு எரிந்திருக்கிறது. ரோஸ்மில்க் மாதிரி இளஞ்சிவப்பாக, பால்போலக் கலங்கி இருந்தால் அந்த நிமிடமே வண்டியை நிறுத்துங்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் உடைந்து கூலண்ட் உள்ளே கலந்திருக்கிறது. கூலண்டில் உள்ள கிளைக்கால், பிளேட்டில் உராய்வுப் பட்டையை ஒட்டியிருக்கும் பசையைக் கரைத்துவிடும். அதோடு ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் பெட்டிக்குச் சேதம்.

எந்த ஆயில்

நிறத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. சிவப்பு என்பது இன்ஜின் ஆயிலிலிருந்து வேறுபடுத்தச் சேர்த்த சாயம் மட்டுமே. பழைய டெக்ஸ்ரான் 3 வகை ஆயில், 100 டிகிரி சூட்டில் சுமார் 7 சென்டிஸ்டோக் தடிமன். டொயோட்டாவின் டபிள்யூஎஸ் (WS) என்ற ஆயில் ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே. இரண்டும் சிவப்புதான். டபிள்யூஎஸ் கேட்கும் பெட்டியில் கடைக்காரர் கையில் இருக்கும் ஏதோ ஒரு சிவப்பு ஆயிலை ஊற்றினால் கியர் மாறும் நேரமும் அழுத்தமும் பிசகும். பழைய டொயோட்டாக்களுக்கு டி-4, ஹோண்டாவின் டார்க் கன்வெர்ட்டர் பெட்டிகளுக்கு டிடபிள்யூ-1 என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தரம் இருக்கிறது. வண்டியின் கையேட்டில் எழுதியிருப்பதே முடிவு.

சிவிடி (தனித்தனி கியர் படிகள் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக்) வண்டியில் இந்த ஆயிலை ஊற்றவே கூடாது. அங்கே இரும்புப் பெல்ட்டும் புல்லியும் வழுக்காமல் பற்றுவதற்கென்றே தனி ஆயில் உண்டு, மாற்றி ஊற்றினால் பெல்ட் புல்லியைச் சுரண்டிவிடும். ஏஎம்டி வண்டிகளில் இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் இயக்க மேலே ஒரு கருவி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே. அதற்கு வழக்கமான கியர் ஆயில். கிளட்ச் மிதி இல்லை என்பதற்காக எல்லா வண்டியும் ஒரே வகை ஆகிவிடாது.

கேம்ரி 2.5-இல் மாற்றுவது

நம் நாட்டில் 2012-இல் வந்த கேம்ரி 2.5-இன் ஆறு கியர் பெட்டியை எடுத்துக்கொள்வோம். யு760இ என்பது அதன் பெயர். (கேம்ரி ஹைபிரிட்டின் பெட்டி முற்றிலும் வேறு, இந்த முறை அதற்குப் பொருந்தாது.) மொத்தக் கொள்ளளவு சுமார் 6.5 லிட்டர். கீழே திறந்து வடித்தால் பெரும்பாலும் இரண்டரை முதல் மூன்று லிட்டர்தான் இறங்கும். மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் கூலரிலும் வால்வு பாடியிலும் தங்கிவிடும்.

வேண்டியவை: டபிள்யூஎஸ் ஆயில் 4 லிட்டர், 6 எம்எம் ஆலன் பிட், 24 எம்எம் சாக்கெட், புது வாஷர்கள், அளவுக் கோடு போட்ட ஜாடி, நீளக் குழாய் மாட்டிய புனல் அல்லது கைப்பம்ப், டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்), வண்டியின் கணினியோடு இணைத்து ஆயில் வெப்பநிலையைப் பார்க்கும் ஓபிடி ஸ்கேனர். வண்டியைத் தூக்க நான்கு ஸ்டாண்டு. முன்பக்கத்தை மட்டும் தூக்கிச் செய்தால் பெட்டி சாய்ந்து அளவு பொய் சொல்லும், நான்கு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே போகவே போகாதீர்கள். இந்த வேலையில் இன்ஜின் ஓடும்போது அடியில் படுக்க வேண்டிவரும். ஹேண்ட் பிரேக், பார்க், ஸ்டாண்டு மூன்றும் இருந்தால்தான் படுக்கலாம்.

முந்தின நாள் ராத்திரியே ஆயில் டின்னை வண்டிக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். வடிக்கும் ஆயிலும் ஊற்றும் ஆயிலும் ஒரே சூட்டில் இருந்தால்தான் அளந்ததற்கு அர்த்தம்.

முதலில் ஊற்றும் பிளக்கைத் திறங்கள். இது பெட்டியின் பக்கவாட்டில், இடது முன்சக்கரத்தின் உட்புறமாக இருக்கும், சக்கரத்தைக் கழற்றினால் கை எளிதாகப் போகும். இதைத் திறக்க முடிகிறதா என்று பார்த்த பிறகுதான் அடிப் பிளக்கைத் தொட வேண்டும். வரிசையை மாற்றி எல்லா ஆயிலையும் வடித்துவிட்டு, மேல் பிளக் இறுகிப்போய் அசையாமல் நின்றால், வண்டியை நகர்த்தவும் முடியாமல் டோ வண்டிக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

அடிப் பிளக்கை 6 எம்எம் ஆலனால் திறந்தால் கொஞ்சம் ஆயில் வரும், நின்றுவிடும். வடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்தத் துளைக்குள் நிற்கும் சிறு பிளாஸ்டிக் குழாய்தான் ஆயிலின் மட்டத்தைத் தீர்மானிப்பது. அதன் உயரத்துக்கு மேலே இருப்பது மட்டுமே இப்போது வழிந்திருக்கிறது. அதே ஆலனை உள்ளே விட்டு அந்தக் குழாயையும் திருகி எடுத்தால் மொத்தமாக இறங்கும். வடிந்ததை ஜாடியில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு குழாயைத் திரும்ப மாட்டும்போது 1.7 நியூட்டன் மீட்டர் போதும், விரலால் திருகி ஒரு சிறு அழுத்தம் கொடுப்பது மாதிரி. பலம் காட்டினால் பிளாஸ்டிக் உடையும். குழாயை மாட்ட மறந்துவிட்டு ஊற்றுகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் அளவு பார்க்கும் நேரத்தில் பிளக்கைத் திறந்ததும் ஆயில் அத்தனையும் கொட்டும். அடிப் பிளக்கைக் கையால் பொருத்தி வையுங்கள், இறுக்குவது கடைசியில்.

இப்போது பக்கவாட்டுத் துளை வழியாக, வடிந்த அளவோடு 300 மில்லி சேர்த்து ஊற்றுங்கள். 2.8 லிட்டர் வடிந்திருந்தால் 3.1 லிட்டர். கூடுதலாக ஊற்றுவது வேண்டுமென்றேதான், சரியான சூட்டில் அந்த மிச்சம் தானாக வழிந்து வெளியேறும். ஊற்றும் பிளக்கை மூடுங்கள்.

இன்ஜினைப் போடுங்கள். ஏசி, விளக்கு எல்லாம் அணைந்திருக்கட்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரைப் பார்க்கிலிருந்து ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் என்று ஒவ்வோர் இடத்திலும் மூன்று நான்கு வினாடி வைத்து, திரும்பப் பார்க்குக்குக் கொண்டுவாருங்கள். காலியான வழிகள் எல்லாம் ஆயிலால் நிரம்பும். ஸ்கேனரில் 40 வந்ததும் கீழே போய் அடிப் பிளக்கைத் திறக்க வேண்டும், இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும்போது. ஆயில் நூலாக வழியும், மெலியும், பிறகு சொட்டாகும். சொட்டாக மாறிய அந்த நேரத்தில் புது வாஷரோடு பிளக்கை மூடி 40 நியூட்டன் மீட்டரில் இறுக்குங்கள். ஒன்றுமே வழியவில்லை என்றால் ஆயில் குறைவு. பிளக்கைப் போட்டு, இன்ஜினை நிறுத்தி, அரை லிட்டர் ஊற்றி மறுபடி பார்க்க வேண்டும். அதற்குள் 45 தாண்டிவிட்டால் அவசரப்பட்டு முடிக்காதீர்கள். இன்ஜினை நிறுத்தி ஆறவிடுங்கள், பல மணி நேரம் ஆகும். பிளக் திறந்திருக்கும்போது இன்ஜினை நிறுத்தினால் மேலே சுற்றிக்கொண்டிருந்த ஆயிலும் இறங்கி வந்து வழியும், அந்த அளவை நம்ப முடியாது.

ஸ்கேனர் இல்லாதவர்களுக்கு டொயோட்டா ஒரு வழி வைத்திருக்கிறது. ஓபிடி சாக்கெட்டில் 4-ஆம் பின்னையும் 13-ஆம் பின்னையும் ஒரு கம்பியால் இணைத்து, இன்ஜினைப் போட்டு, பிரேக்கை மிதித்தபடி லீவரை நியூட்ரலுக்கும் டிரைவுக்கும் நடுவே ஒன்றரை வினாடிக்குள் ஒருமுறை என்று ஆறு வினாடி முன்னும் பின்னும் மாற்ற வேண்டும். மீட்டரில் டிரைவ் விளக்கு இரண்டு வினாடி எரிந்தால் வெப்பநிலை காட்டும் நிலைக்குள் போய்விட்டது. பார்க்குக்கு மாறிக் கம்பியை எடுத்துவிடலாம். அதன்பின் அந்த விளக்கு அணைந்திருந்தால் சூடு போதாது, எரிந்தால் சரி, மினுக்கினால் தாண்டிவிட்டது. கம்பியைத் தவறியும் 16-ஆம் பின்னில் வைக்காதீர்கள், அதில் பேட்டரி மின்சாரம் நேராக வருகிறது.

எத்தனை தடவை

6.5-இல் 2.8 லிட்டர் என்றால் ஒரு தடவையில் 43 சதவீதம்தான் புது ஆயில். சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி மாற்றினால் 68, மூன்றாம் தடவை 82. ஒழுங்காகப் பராமரித்த வண்டிக்கு 60,000-க்கு ஒரு தடவை, அல்லது இரண்டு தடவை அடுத்தடுத்து, போதும். மொத்தத்தையும் ஒரேயடியாக மாற்றும் மெஷின் நல்ல கருவிதான். ஆனால் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஒரு சொட்டும் மாற்றாமல் ஓடிய பெட்டிக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது. தேய்ந்த பிளேட்டுகளின் துகள்கள் ஆயிலில் மிதந்து ஓரளவு பிடிமானம் தந்துகொண்டிருக்கும். மூலைகளில் படிந்த கசடு திடீரென்று கிளம்பி வால்வு பாடியின் நுண்ணிய வழிகளில் சிக்கவும் கூடும். அப்படிப்பட்ட வண்டியில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்ற வேண்டும். ஏற்கெனவே வழுக்கும் பெட்டி, ஆயில் மாற்றிய வாரமே நின்றுவிட்டால், ஆயிலைக் குறை சொல்லிப் பயனில்லை. மாற்றாமல் விட்டிருந்தாலும் அது நின்றிருக்கும்.

ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டியில் அடிப்பேனையும் (பெட்டியின் அடியில் ஆயில் நிற்கும் தட்டு) கழற்றி ஃபில்டரையும் காந்தங்களையும் பார்த்துவிடலாம். காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்புபோல நைசாகப் படிந்திருப்பது இயல்பான தேய்மானம், துடைத்துவிட்டு வையுங்கள். விரலில் குத்தும் இரும்புச் சில்லுகள், பேனின் அடியில் பித்தளை நிறத் துணுக்குகள், கறுத்த நார் போன்ற கசடு, இவற்றில் எது இருந்தாலும் கியர்பாக்ஸ் பிரிக்கத் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். பேனைத் திரும்ப மாட்டும்போது போல்ட்டுகள் 8 நியூட்டன் மீட்டருக்கும் குறைவாகவே கேட்கும். இறுக்கிப் பிடித்தால் விளிம்பு வளைந்து அங்கேயே ஒழுகும்.

அளவு கூடினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைக்குள் இருப்பது காற்று, காற்று அழுந்தும். பிளேட்டைப் பிடிக்க வேண்டிய அழுத்தம் அங்கே காணாமல் போகும், சூடு ஏறும், மேல் மூச்சுத் துளை வழியே ஆயில் கசியும். குறைந்தாலும் முடிவு அதேதான். வளைவிலும் ஏற்றத்திலும் பம்ப் ஆயிலோடு காற்றை உறிஞ்சும், ஒருவிதக் கீச்சொலி கேட்கும், கியர் தாமதமாக விழும்.

வேலை முடிந்து 50 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு அடிப் பிளக்கைச் சுற்றிக் கையை வைத்துப் பாருங்கள், ஈரம் இருக்கக் கூடாது. பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், மறுசுழற்சிக்குக் கொடுக்கப் பீப்பாயில் சேர்த்துவைக்கும் ஒர்க்‌ஷாப்பில் சேருங்கள். அதற்கு முன் அதிலிருந்து ஒரு 100 மில்லியைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து, தேதியும் கிலோமீட்டரும் எழுதி ஒட்டி வையுங்கள். அடுத்த தடவை வடிப்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெட்டி எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும்.